அண்ணன் வராத கெய்ரோ

கெய்ரோவுக்குப் போய் நாலு இரவு தங்கி, பிரமிட்டைப் பார்க்காமல் திரும்பி வந்தவன் நான். பிரமிட்டைப் பற்றி வாசிக்கலாம் என்று நினைத்து இதை எடுத்தவர்கள் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடலாம். நான் குறை நினைக்கமாட்டேன்.

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டிலிருந்து அம்மாவும் நானும் புறப்பட்டோம். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. எனக்கு ஐம்பத்தேழு. லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. காவலாளியும் நானுமாக அம்மாவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி மூன்று மாடி இறக்கினோம். ஒவ்வொரு மாடியிலும் யாராவது கதவைத் திறந்து, "எங்க பயணம்?" என்று கேட்டார்கள். "ஹொலிடே" என்று சொன்னேன். எங்கள் கட்டடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு எவரும் பயணம் போனதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், மகளின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் போவார்கள், ஒரேயடியாகப் போவார்கள்.

உண்மையில் அண்ணனைப் பார்க்கத்தான் போனோம். அண்ணன் குகன் தொண்ணூறாம் ஆண்டு போனவர். பாரிசில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னால் "வாற வருசம் போடுறன்" என்பார். அப்படியே முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. அவரிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். இலங்கை தவிர எந்த நாட்டுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அம்மாவுக்குப் பிரான்ஸ் விசா இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு இந்திய விசா கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு பகுதியும் கால் வைக்கக்கூடிய மூன்றாவது நாடு ஒன்றைத் தேடினோம்.

இதிலே புதுமை ஒன்றுமில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்படி யாரோ ஒருவரின் நாட்டில் ஹோட்டல் எடுத்துத்தான் சொந்தத் தாய் தகப்பனைப் பார்த்திருக்கிறார்கள். அண்ணனோடு வேலை செய்யும் மஹ்மூத் என்ற எகிப்துக்காரர், "எங்கள் ஊருக்கு வரச்சொல், என் மச்சான் கார் வைத்திருக்கிறான்" என்று சொன்னாராம். கெய்ரோ தெரிவானது அந்த ஒரு காரணத்தால்தான். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட தலைநகரம், நைல் நதி, நாகரிகத்தின் தொட்டில் என்பதெல்லாம் பிறகு நாங்கள் சேர்த்துக்கொண்ட நியாயங்கள்.

நான் புதுக்கடையில் நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறையில் இருந்து பத்திரங்கள் மொழிபெயர்ப்பவன். பிறப்பு, விவாகம், மரணம் எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றி முத்திரை குத்திக் கொடுப்பேன். கொழும்பில் வெளிநாடு போனவர்களில் கணிசமான பேர் என் கையெழுத்தோடுதான் போயிருக்கிறார்கள். என் கடவுச்சீட்டோ இரண்டு தடவை புதுப்பித்தும் ஒரு முத்திரையும் விழாத சுத்தமான புத்தகமாக இருந்தது. கலியாணமும் தள்ளித் தள்ளிப்போய் ஒரு கட்டத்தில் பேச்சே நின்றுவிட்டது. அம்மாவோடு யாராவது இருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

டிக்கெட் போட்டது கார்த்திகைக் கடைசியில். கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பயண முகவர் நிலையம் வைத்திருக்கும் அன்ரன் எனக்குப் பழக்கமானவர். பணத்தை வாங்குவதற்கு முன் நன்றாகவே எச்சரித்தார்.

"அண்ணே, இது மலிவு டிக்கட். பொறகு மாத்தேலாது, கென்சல் பண்ணவும் ஏலாது. அவருக்கு விசா வந்தாப் பொறகு போடுவமே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாத்திரியாரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். மார்கழி பிறந்தால் நல்ல காரியம் ஒன்றும் தொடங்கக்கூடாது. தை பிறக்கும்வரை பொறுத்தால் விலை ஏறிவிடும்.

"நீர் போடும் தம்பி. விசா வரும்," என்றார் அம்மா, தூதுவர் தன் மருமகன் என்பதுபோல.

நாலரை லட்சம் ரூபாய் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கினோம். திரும்பும் வழியில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினோம். நாங்கள் சைவக்காரர்தான். ஆனாலும் கொழும்பில் விசா விஷயம் அந்தோனியாரின் இலாகா.

எங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது. அண்ணனுடையது வரவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு கேட்டபோதும், "பாத்துக்கொண்டிருக்கிறாங்கள், சரிவந்திடும்" என்றார். நானும் நம்பினேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அண்ணனுக்கென்று வறுத்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, பனங்கட்டி என்று பதினொரு கிலோ பொதி கட்டியிருந்தேன். முப்பத்தைந்து வருடமாகப் பாரிசுக்குப் போகிறவர்களைத் தேடிப்பிடித்து அம்மா அனுப்பும் அதே சாமான். மாலையில் பார்த்தால் பொதி சூட்கேசில் இல்லை. அம்மா அதைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

"பாரம் தம்பி. உன்ரை சப்பாத்துக்கு இடம் வேணும்."

காலி வீதியில் எனக்கு ஒரு சோடி நடைச் சப்பாத்தும் வெயிலுக்குத் தொப்பியும் வாங்கவைத்தது அவர்தான். வயது போய்விட்டது, எது முக்கியம் என்று தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் விட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க நாற்பது கிலோமீற்றர் சொச்சம். வத்தளை தாண்டும்போது விடிந்துவிட்டது. விமானம் பத்து மணிக்கு. பக்கத்து ஆசனத்தில் ஹற்றன் பக்கத்துப் பெண் ஒருத்தி, டுபாயில் வீட்டு வேலைக்குத் திரும்பிப் போகிறவள். லீவு முடிந்து, பிள்ளையை விட்டுவிட்டு வந்த முகம் வீங்கியிருந்தது.

"எங்கம்மா போறீங்க இந்த வயசுல?"

"கெய்ரோவுக்குப் பிள்ளை. மோனோடை ஊர் சுத்திப் பாக்க."

"குடுத்து வச்சவங்க," என்று சொல்லிவிட்டு அவள் மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா தன் பிஸ்கட் பொதியை அவளுடைய மடியில் வைத்தார்.

டுபாயில் மூன்று மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். சக்கர நாற்காலி தள்ளுகிறவர் அம்மாவைக் கழிவறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போன நேரத்தில் என் தொலைபேசி இணையத்தைப் பிடித்தது. அண்ணனின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது.

"தம்பி, விசா வரேல்லையடா. இனி வராது. அம்மாக்குச் சொல்லிப்போடாதை, அவ தாங்கமாட்டா. லீவு கிடைக்கேல்லை, நாளைக்கு வாறன் எண்டு சொல்லிச் சமாளி. என்னிலை கோவிக்காதை."

எனக்கு வந்தது கோபம்தான். அதை இன்னுமொரு தடவை போட்டுக் கேட்டேன். திரும்பிப் போகவும் வழியில்லை, டிக்கெட் அப்படி. அம்மா தூரத்தில் சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தார், மடியில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி. என்னைக் கண்டதும் கையைக் காட்டினார்.

எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தியை யாரும் நேரே சொல்வதில்லை. அப்பா இறந்தபோது, "அப்பாவுக்குக் கடுமையாக்கிடக்கு" என்றுதான் அண்ணனுக்கு முதலில் சொன்னோம். அண்ணன் வேலை இழந்து இருந்த காலம் முழுக்க, "நல்ல வேலை அம்மா" என்றுதான் சொன்னார். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்த பிறகுதான் அண்ணனுக்குத் தெரியும். இது பொய் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை. மரியாதை என்றுதான் நினைத்திருக்கிறோம். ஆகவே நானும் மரியாதையாக, "அண்ணாவுக்கு லீவு சிக்கலாம். நாளைக்குத்தான் வருவாராம்" என்றேன்.

"சரி," என்றார் அம்மா. "நீ ஏதாவது சாப்பிட்டனியே?"

கெய்ரோவில் இறங்கும்போது மாலை ஆறு மணி. பாலைவனத்து ஊர், வெயில் கொளுத்தும் என்று நினைத்து ஒரு சுவெட்டர்கூடக் கொண்டுவரவில்லை. வெளியே குளிர் பிடரியில் அறைந்தது. மஹ்மூத்தின் மச்சான் ஹம்தி அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, அடர்த்தியான மீசை, அரைகுறை ஆங்கிலம். சூட்கேசைத் தூக்கிக்கொண்டே, "மூன்று பேர் என்றார்களே, மற்றவர் எங்கே?" என்று கேட்டார். நான் அவசர அவசரமாக, "பிறகு, பிறகு" என்றேன். அம்மாவுக்கு 'த்ரீ' என்பது விளங்கியிருக்கும். அவர் கார்க் கண்ணாடியில் படிந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்திலிருந்து நகர மையம் இருபது கிலோமீற்றருக்கு மேல். பாதி தூரம் மேம்பாலத்திலேயே போகிறது. இரு பக்கமும் பூசாத செங்கல் மாடிவீடுகள், தூசியின் நிறத்தில். மாடிகளின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. ஹம்தி ஒரு கையால் ஹோர்ன் அடித்து, மறுகையால் எங்களுக்கு ஊர் காட்டினார். தலாத் ஹார்ப் வீதிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எங்கள் ஹோட்டல். லிப்ட் இரும்புக்கூடு, மரக்கதவு, நூறு வயதாவது இருக்கும். எங்கள் வெள்ளவத்தை லிப்ட்டுக்குப் பத்து வயது. இது வேலை செய்தது.

அறையில் மூன்று கட்டில் போட்டிருந்தார்கள். நடுக்கட்டில் அண்ணனுக்கு. அம்மா அதில் தன் கைப்பையை வைத்துவிட்டு யன்னல் பக்கத்துக் கட்டிலில் படுத்தார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நகரம் மதியம்வரை மூடிக் கிடந்தது. தொழுகை முடிந்த பிறகுதான் கடைகள் திறந்தன. ஹோட்டலைக் கூட்டித் துடைக்க நஜ்வா என்று ஒரு பெண் வருவாள். பருத்த உடம்பு, முழங்கால் வலிக்காரி. அவளுக்கு அரபு தவிர வேறு மொழி தெரியாது. அம்மாவுக்குத் தமிழும், கொழும்புக்கு வந்தபின் சந்தையிலும் கந்தோர்களிலும் பிடித்துக்கொண்ட சிங்களமும்தான். அம்மாவின் கணக்கில் தமிழ் தெரியாத மனிதர் எல்லோரும் சிங்களம் தெரிந்தவர்கள். ஹம்தியை ஐயா என்ற மரியாதையோடு "மாத்தயா" என்று கூப்பிட்டார். நஜ்வாவிடம் "நோனா, வத்துர டிக்கக்" என்று தண்ணீர் கேட்டார். நஜ்வா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அரபில் நீளமாக ஏதோ சொன்னாள். அம்மா சரி, சரி என்பதற்கு "ஹரி, ஹரி" என்று தலையாட்டினார். இரண்டு பேரும் முழங்காலைத் தடவிக் காட்டிக்கொண்டார்கள். அந்த நாலு நாளில் நான் பார்த்த ஒரே சந்தோஷமான காட்சி இதுதான்.

"அண்ணாவின்ரை பிளேன் இண்டைக்கு இல்லையாம் அம்மா," என்றேன். "நாளைக்காம்."

"வரட்டும், அவசரமில்லை. நீ போய்ப் பிரமிட்டைப் பாத்திட்டு வாவன். நான் இதிலை இருக்கிறன், இந்த நோனா பாப்பா."

"அண்ணா வந்தாப் பிறகு எல்லாரும் சேந்து போவம்."

"நீ முதல் போ. பிறகும் ஒருக்கால் போகலாம்."

வராத மகனுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவியைத் தனியே விட்டுவிட்டு நான் ஒட்டகத்தில் ஏறிப் படம் எடுப்பதா? எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. கீழே இறங்கி, சோறு, மக்ரோனி, பருப்பு, பொரித்த வெங்காயம் எல்லாம் ஒன்றாகக் கொட்டித் தக்காளிச் சாறு ஊற்றும் கொஷரி இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு ஏறினேன். கோப்பை ஐம்பது எகிப்தியப் பவுண். அம்மா வெங்காயத்தை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டார். எகிப்திய வரலாறு எனக்கு அன்று அவ்வளவுதான்.

சனிக்கிழமை அண்ணனை மறுபடி பிற்போட்டேன். இந்தத் தடவை விமானநிலைய வேலைநிறுத்தம். அம்மா கோபித்தார். வேலைநிறுத்தத்துக்காக அல்ல, நான் அறையைவிட்டு நகராததற்காக.

"பெட்டைக்கோழி மாதிரி இதுக்குள்ளை அடைஞ்சு கிடக்கிறாய். வெளிக்கிடு. அந்தத் தொப்பியைப் போடு."

ஹம்தியின் காரில் தள்ளாத குறையாக ஏற்றி அனுப்பினார். பிரமிட் வேண்டாம், கிட்டவாக எங்கேயாவது போவோம் என்று ஹம்தியிடம் சொன்னேன். ஹுசைன் பள்ளிவாசல் முன்றலில் இறக்கிவிட்டார். எதிரே கான் எல் கலீலி என்ற புகழ்பெற்ற பழைய சந்தை. பித்தளை விளக்கு, வாசனைத் திரவியம், குட்டிப் பிரமிட்டுகள். உள்ளே போக மனம் வரவில்லை. ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர், புதினா இலை, இருபது பவுண். எந்த நாடு என்று கடைக்காரர் கேட்டார்.

"ஸ்ரீலங்கா."

"ஓ, சிலோன்! தேயிலை!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் தேயிலையா இது என்று கேட்டேன். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டுச் சிரித்தார். "இது கென்யா."

அங்கே இருந்து அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நாளைக்குச் சொல்லியே ஆகவேண்டும். திங்கள் மதியம் விமானம். ஒரு வசனம்கூட ஒழுங்காக வரவில்லை. மற்றவர்களின் மரணப் பத்திரங்களை மூன்று மொழியில் பிசகில்லாமல் எழுதத் தெரிந்தவனுக்கு, 'அண்ணா வரமாட்டார் அம்மா' என்ற மூன்று சொல் வாயில் வரவில்லை. அரை மணித்தியாலத்தில் திரும்பிவிட்டேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிந்து தொடங்கினேன். அம்மா இருமினார், அதைச் சாட்டாக வைத்து விட்டுவிட்டேன். மதியம் தாண்டி, மருந்துக்கடைக்குப் போய் இருமல் பாணியும் தெருவில் ஒரு கம்பளிச் சால்வையும் வாங்கிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு வந்தேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அம்மா நடுக்கட்டிலில் இருந்தார். நஜ்வா தரையில் இருந்துகொண்டு அவருடைய முழங்காலுக்கு ஏதோ தைலம் பூசிக்கொண்டிருந்தாள். அம்மா அவளோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார், சந்தையில் பழகின மரக்கறிக்காரியோடு கதைப்பதுபோல நிதானமாக.

"லொகு புத்தாட்ட வீசா ஹம்புனே நே, நோனா. பொடி புத்தா தன்னே நே."

மூத்த மகனுக்கு விசா கிடைக்கவில்லை. சின்ன மகனுக்குத் தெரியாது.

மொழிபெயர்ப்பது என் தொழில். ஆனாலும் அந்த இரண்டு வசனத்தையும் விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது. கையில் இருமல் பாணியோடு வாசலிலேயே நின்றேன். நஜ்வாதான் என்னைக் கண்டு எழும்பி, தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"எப்ப தெரியும் அம்மா?"

அம்மா சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார். "பொங்கலுக்கு முதல் நாள் சொன்னவன். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்."

"எனக்கு டுபாயிலை சொன்னவர். உங்களுக்குச் சொல்லவேண்டாமாம்."

"பொறுக்கமாட்டாதவன்," என்றார் அம்மா. "சின்னனிலையும் அப்பிடித்தான். உனக்குச் சொன்னது எனக்குத் தெரியக்கூடாதெண்டு அப்பிடிச் சொல்லியிருக்கிறான்."

நான் கத்தினேன். வயதுபோன தாயைப் பார்த்துக் கத்தக்கூடாதுதான், கத்தினேன். நாலரை லட்சம், இந்தக் குளிர், இந்த உடம்போடு இவ்வளவு தூரம், ஒருவரும் வரமாட்டார் என்று தெரிந்துகொண்டு எதற்காக வந்தீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியே? அந்த டிக்கெட்டைக் கிழிச்சுப்போட்டுத் திரும்பவும் புதுக்கடைக்குப் போயிருப்பாய். அவன் போனவன், அவனுக்கு நான் முப்பத்தஞ்சு வருசமாப் பொதி கட்டினன். உனக்கு ஒண்டும் கட்டேல்லை. நீ பக்கத்திலையே நிண்டிட்டாய். ஒரு இடத்தையாவது உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவம் எண்டு பாத்தன். எனக்காக எண்டாத்தானே நீ வெளிக்கிடுவாய்."

எனக்குக் கோபம் அடங்கிவிட்டது என்று எழுத ஆசை. அடங்கவில்லை. இன்னும் கூடியது. அவர் என்னைப் 'போ, போய்ப் பார்' என்று மூன்று நாளாகப் பிடரியில் கைவைத்துத் தள்ளியதும், நான் அவருக்காக என்று கட்டிலைக் காத்துக் கிடந்ததும் நினைவுக்கு வர, எங்கள் இரண்டு பேர் மேலும், பாரிசில் இருக்கும் மூன்றாவது ஆள் மேலும் எனக்கு அடக்கமுடியாத ஆத்திரம். ஒருவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"இப்ப போகலாமே?" என்று அம்மா கேட்டார். "அந்த மாத்தயாவைக் கூப்பிடு."

ஹம்தியைக் கூப்பிட்டேன். மணி மூன்று தாண்டியிருந்தது. "பிரமிட் இருக்கும் கீசா பதினைந்து கிலோமீற்றர், இந்த நெரிசலில் ஒரு மணித்தியாலம். நாலு மணிக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். நேற்றே சொல்லியிருக்கலாமே," என்றார். உண்மைதான்.

நாலு மணிக்கு அண்ணன் படத் தொலைபேசியில் வந்தார். அங்கே அவருக்கு மூன்று மணி, இரண்டு வேளை வேலைக்கும் நடுவே இருக்கிற ஓய்வு. வெள்ளவத்தைக்கும் அவர் இந்த நேரத்தில்தான் எடுப்பார். அப்போது எங்களுக்கு இருட்டிவிடும். அவருக்குப் பின்னால் வெயிலும், அம்மாவின் தலைக்கு மேல் குழல் விளக்குமாக முப்பத்தைந்து வருடத்தின் கடைசிப் பத்து வருடம் ஓடியிருக்கிறது. அன்றைக்கு முதல்முறையாக இரண்டு பக்கமும் பகல். சமையலறைக்குப் பின்பக்கத்துச் சந்தில், பெட்டி ஒன்றின் மேல் இருந்துகொண்டு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையில் மயிர் அனேகமாக இல்லை.

அம்மா தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, மதியம் வாங்கிவைத்து ஆறிப்போன கொஷரியை எடுத்துத் தானும் சாப்பிட்டார். இரண்டு பேரும் விசாவைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

"அங்கையும் வெளிச்சமே?"

"ஓம் அம்மா."

"இஞ்சயும் வெளிச்சம். வடிவாச் சாப்பிடு."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை அப்பால் திருப்பினார். கொஞ்சநேரம் சந்தின் சுவர்தான் தெரிந்தது. நான் திட்டுவதற்கு என்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். நஜ்வா அம்மாவின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். அம்மா, "கிஹில்லா என்னங்" என்றார். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். ஹம்தி ஒரு நல்ல காரியம் செய்தார். எதிர்த்திசையில் பாலத்தில் ஏறி நைலைத் தாண்டி, பிறகு திரும்பினார். அங்கே நல்ல நாளில் தூரத்தில் பிரமிட் தெரியுமாம். அன்று காற்று மணலைத் தூக்கியிருந்தது. மஞ்சள் புகைக்குள் மாடிவீடுகளும் விளம்பரப் பலகைகளும்தான் தெரிந்தன. அம்மா எழும்பி முன் ஆசனத்துக்கு எட்டி, "அந்தா, அதுவே?" என்று கேட்டார். அது ஒரு தண்ணீர்த் தாங்கி.

கொழும்பில் வெக்கை அப்படியே இருந்தது. லிப்ட்டும் அப்படியே. கதிரையில் வைத்து அம்மாவை ஏற்றும்போது மூன்று மாடியிலும் கதவு திறந்தது. "பிரமிட் எப்பிடி அன்ரி?" என்று கீழ்வீட்டுப் பெண் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா, "நல்லா இருந்தது. தம்பி எல்லாம் பாத்தவன்" என்றார்.

கெய்ரோவுக்கும் வெள்ளவத்தைக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் கடிகாரத்தில் மூன்றரை மணித்தியாலம் என்பேன். அந்த மூன்றரை மணித்தியாலத்தால்தான் அம்மாவும் அண்ணனும் ஒரே பகலில் இருந்து சாப்பிட்டார்கள். அதற்கு மேல் அந்த நகரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அடுத்த ஞாயிறு இரவு, வழக்கம்போல அண்ணன் எடுத்தார். அவருக்குப் பின்னால் வெயில். அம்மா கதைத்து முடித்துத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அண்ணன் கொஞ்சம் தயங்கி, கண்ணைப் பார்க்காமல் கேட்டார்.

"தம்பி, பிரமிட்டாவது பாத்தனியே?"

அம்மா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணா," என்றேன். "நல்ல உயரம்."